வீட்டடிக்கு வனப் பட்டா: மனுவோடு என்னென்ன வைக்க வேண்டும்

பந்தலூர் பக்கம் மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் பாடி, அதாவது பழங்குடிக் குடியிருப்பு. பாட்டி காலத்திலிருந்து அதே இடத்தில்தான் குடியிருக்கிறோம். ஆனாலும் முதல் முறை எங்கள் மனு தள்ளுபடியானது. ரேஷன் கார்டு நகல் ஒன்றை மட்டும் வைத்திருந்தோம். அந்தத் தவறு உங்களுக்கு நேரக் கூடாது.

2006 வன உரிமைச் சட்டப்படி, 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே வன நிலத்தில் குடியிருக்கும் பழங்குடிக் குடும்பம் அந்த இடத்துக்கு உரிமை கேட்கலாம். அந்த உரிமைச் சீட்டைத்தான் வனப் பட்டா என்கிறோம். மனுவைக் கிராம சபை அமைத்திருக்கும் வன உரிமைக் குழுவிடம் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.

சான்று ஒன்றுக்கு மேல் வேண்டும். வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது இருந்தால் சரி. இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். வீடு, கிணறு, முன்னோரைப் புதைத்த இடம் எல்லாமே அந்தச் சட்டத்துக்கான விதிகளில் விதி 13இன்படி சான்றுகள்தான். மனு போடாத பெரியவர் ஒருவர் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் சான்று. இரண்டாம் முறை பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஒரு சாயங்காலம் முழுக்கக் கேட்டேன். அவருக்கு வருடக் கணக்கு தெரியாது. "உங்கம்மா தவழ்ந்தப்போ இந்தப் பலா என் இடுப்பு உயரம்" என்றார். அதை அப்படியே எழுதி, கைரேகை வாங்கி, மரத்தின் போட்டோவையும் சேர்த்தேன். வருடத்தை நாமாக நுழைக்கக் கூடாது.

செயற்கைக்கோள் படத்தில் வீடு இல்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். மரநிழலில் இருக்கும் புல் வேய்ந்த குடிசை மேலிருந்து எப்படித் தெரியும்? அந்தப் படம் மற்ற சான்றுகளுக்குத் துணைதான், மாற்று அல்ல என்று விதி 12அ சொல்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம் மனுமேல் தீர்மானம் போடும் கிராம சபை. பாதிப் பேராவது வந்தாக வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கொழுந்து பறிக்கும் நாளில் வைத்தால் ஆள் சேராது, ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிராம சபை தள்ளினால் உட்கோட்டக் குழுவிடமும், அங்கே தள்ளினால் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவிடமும் 60 நாளுக்குள் முறையிடலாம். பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, கோப்பு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இதற்கிடையே யாராவது காலி செய்யச் சொன்னால் வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 4(5)ஐக் காட்டுங்கள். சரிபார்ப்பு முடியும்வரை வெளியேற்ற முடியாது. அந்தப் பக்கத்தின் நகலை ரேஷன் கார்டோடு ஒரே பையில் வைத்திருக்கிறோம்.