கலர் குடிப்பீங்களா என்று மட்டும் கேட்டு விடாதீர்கள்

ராமநாதபுரத்தில் எங்கள் கிளினிக்குக்குக் கல்லூரி முடித்த கையோடு இளம் பல் டாக்டர்கள் வருகிறார்கள். சொத்தையைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். அமிலம் கரைத்த பல்லைக் காட்டினால்தான் தடுமாற்றம், அந்த வயதில் நாங்கள் தடுமாறிய அதே இடங்களில். பிரஷ் மெதுவாகப் பிடி, இரண்டு வேளை தேய் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

சுத்தமான வாயைப் பார்த்து ஏமாறுவது

சொத்தையில் கிருமிதான் சர்க்கரையைத் தின்று அமிலம் உண்டாக்குகிறது. அமிலம் பல்லைக் கரைக்கும் இந்த அரிப்பில் கிருமிக்கு வேலையே இல்லை. நாம் குடிப்பதோ, வயிற்றிலிருந்து எதுக்களித்து வருவதோ நேராகப் பல்லின் மேல் ஓடான எனாமலைக் கரைக்கிறது. அதனால் கறுப்பும் இருக்காது, அழுக்கும் இருக்காது. பல் வழவழவென்று பளபளக்கும். முன்பல்லின் நுனி மெலிந்து வெளிச்சம் ஊடுருவும், கடைவாய்ப் பல்லின் மேடுகளில் சின்னச் சின்னக் குழி விழும், உள்ளே இருக்கும் டென்டினின் மஞ்சள் தெரியத் தொடங்கும். இப்படிப்பட்ட வாயைப் பார்த்து “நல்லா வச்சிருக்கீங்க” என்று பாராட்டி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காரணத்தைக் கேட்காமல் அடைப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான்.

வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்தார். கடைவாய்ப் பற்களில் ஏற்கெனவே வேறோர் இடத்தில் சிமெண்ட் வைத்திருந்தார்கள். சிமெண்ட் அப்படியே இருக்கிறது. சுற்றியிருந்த பல்தான் கரைந்து கீழே இறங்கிவிட்டது. அடைத்த இடம் மேலே துருத்திக்கொண்டு நின்றால் அமிலத்தைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு பல்லுக்கு ரூட் கெனாலும் செய்திருந்தார்கள். கூலி வேலை பார்ப்பவருக்கு அது எவ்வளவு பெரிய செலவு!

எங்கள் புது டாக்டர் பாட்டில் குளிர்பானத்தை மனதில் வைத்துக் கேட்டார்: “கலர் குடிப்பீங்களா அம்மா?”

“அதெல்லாம் தொடுறதே இல்ல டாக்டர்.”

சரி என்று, “தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம்” என எழுதிவிட்டு, இரவில் மாட்டும் கார்டுக்கு அளவெடுக்கத் தயாராகிவிட்டார். நான் குறுக்கே போய், “வேலைக்குப் போறப்ப குடிக்க என்ன கொண்டு போவீங்க?” என்று கேட்டேன்.

“எலுமிச்சம்பழம் பிழிஞ்சு உப்புப் போட்ட தண்ணி. ஒரு கேன் நிறைய. அது இல்லாட்டி வெயிலுக்கு மயக்கம் வந்துரும்.”

அவர் எதையும் மறைக்கவில்லை. நாம் கேட்ட கேள்விதான் கோணல். அமிலம் என்றாலே பாட்டில் பானம் என்று பாடத்தில் படித்ததை அப்படியே கேட்டால், எலுமிச்சை, நன்னாரி சர்பத், உப்பு தொட்ட மாங்காய், வாயில் அடக்கிக்கொள்ளும் புளி எதுவுமே பதிலில் வராது. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாய்க்குள் என்ன போகிறது, எத்தனை தடவை போகிறது என்று வரிசையாகக் கேட்க வேண்டும்.

எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். பி.எச். என்பது அமிலத்தின் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம். அது சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2-லிருந்து 3-க்குள். தண்ணீர் கலந்தாலும் அந்த 5.5-ஐ எட்டுவதில்லை. ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்தால் எச்சில் கொஞ்ச நேரத்தில் அமிலத்தைத் தணித்துவிடும். விடியலிலிருந்து மதியம்வரை மடக்கு மடக்காகக் குடித்தால் எச்சிலுக்கு அந்த இடைவெளியே கிடைக்காது. வியர்த்துக் கொட்டும் உடம்பில் எச்சிலும் குறைவு.

“எலுமிச்சையை விடுங்க” என்று சொல்லி அனுப்புவதும் தவறுதான். உப்பளத்து வெயில் நமக்கா தெரியும்? அவருக்குச் சொன்னது இவ்வளவுதான்: கேனில் வெறும் தண்ணீர். எலுமிச்சைத் தண்ணீர் வேண்டுமென்றால் சோற்றோடு ஒரு டம்ளர், குடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். உடம்பு தள்ளாடினால் தண்ணீரில் கரைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். உப்புப் போட்ட மோர் தாராளமாகக் குடிக்கலாம். அதுவும் புளிப்புத்தான், ஆனால் அதிலுள்ள கால்சியத்தால் பல்லை அப்படி அரிக்காது. பற்பசை ஃபுளோரைடு உள்ளதாக இருக்கட்டும். பல் கூச்சம் அடங்கிய பிறகுதான் அடைப்பு வேலையில் கை வைத்தோம். கரைந்த எனாமல் திரும்ப வளராது என்பதையும் ஒளிக்காமல் சொன்னோம்.

டயட் கோலா

சர்க்கரைதான் இல்லை. அமிலம் அப்படியே இருக்கிறது.

மேல் முன்பற்களின் உள்பக்கத்தைப் பார்க்காமல் விடுவது

சின்னக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். முன்னால் நன்றாக இருந்து அண்ணத்துப் பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், அமிலம் பெரும்பாலும் வயிற்றிலிருந்து வருகிறது. நெஞ்செரிச்சல், மசக்கை வாந்தி, குடி என்று கேளுங்கள். சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுக்கும் இளம் பிள்ளைகளும் உண்டு. தாயை வெளியே உட்கார வைத்துவிட்டுப் பேசுங்கள். வாந்தி எடுத்ததும் பிரஷ் வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா கலந்து கொப்பளித்தால் போதும்.

அரை மணி நேரம் காத்திருந்தால் போதும் என்று நம்ப வைப்பது

புளிப்பு சாப்பிட்ட உடனே தேய்க்கக்கூடாது, அது சரி. ஆனால் அரை மணியில் எனாமல் பழையபடி கெட்டியாகிவிடும் என்பது மிகை. புளிப்பின் எண்ணிக்கையைக் குறைக்காமல், தேய்க்கும் நேரத்தை மட்டும் தள்ளிப்போட்டுப் பெரிய லாபமில்லை.

கரி, செங்கல் தூள், உப்பு

இவற்றால் பல் தேய்க்க வேண்டாம். ‘பல் வெளுக்கும்’ எலுமிச்சை வீடியோக்களும் வேண்டாம்.

நோன்பு மாதம்

கீழக்கரை, தொண்டிப் பக்கத்திலிருந்து வருபவர்களிடம் நோன்பு திறக்கும் வரிசையைக் கேளுங்கள். பகல் முழுக்க வறண்ட வாயில் முதலில் எலுமிச்சை சர்பத் விழுந்தால் தணிக்க எச்சில் போதாது. பேரீச்சம்பழம், தண்ணீர், அப்புறம் கஞ்சி என்று பெரியவர்கள் வைத்திருக்கும் வரிசையே பல்லுக்கும் நல்லது. சர்பத்தைக் கடைசியில், ஒரே தடவையில் குடித்துவிடச் சொல்லுங்கள். தராவீஹ் என்னும் இரவுத் தொழுகை முடிந்து வந்தும் டம்ளரோடு உட்கார்ந்திருப்பதுதான் வினை.

குறித்து வைக்காதது

பல் அரிப்பை அளக்க 2008-ல் வந்த பி.இ.டபிள்யூ.இ. (BEWE) முறை சுலபம். வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக மோசமான பல்லுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் அதிகபட்சம் 18. அட்டையில் தேதியோடு எழுதி, கூடவே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.