ஆன்டி அதிகம், யாரும் ஃபோல்ட் செய்வதில்லை: செவன் கார்டு ஸ்டட்டில் எப்படி ஆடுவது?

2003-ல் கிறிஸ் மணிமேக்கர் உலகப் போக்கர் தொடரை வென்று டெக்சாஸ் ஹோல்டெம் அலை அடிப்பதற்கு முன்பு, அட்லாண்டிக் சிட்டி கேசினோக்களில் செவன் கார்டு ஸ்டட்தான் பரவலாக ஓடியது. இன்று அதைப் பெரும்பாலும் ஐந்து வகைப் போக்கரை மாறி மாறி ஆடும் ஹார்ஸ் போன்ற கலவை ஆட்டங்களில் பார்க்கலாம். அங்கே எதிரில் உட்காருபவர்களில் பலர் ஹோல்டெமிலிருந்து வந்தவர்கள். கையில் வந்த எந்தச் சீட்டையும் விட்டுவிட, அதாவது ஃபோல்ட் செய்ய, மனசு வராது. சீட்டு வருவதற்கு முன் எல்லோரும் வைக்கும் ஆன்டியும் பெரிதாக இருந்தால் கேட்கவே வேண்டாம், பாதி மேசை கடைசிச் சீட்டு வரை வரும்.

விதிகள் ஓரளவு தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்: முதலில் இரண்டு மூடிய சீட்டு, ஒரு திறந்த சீட்டு, பிறகு மூன்று திறந்தவை, கடைசியாக ஒன்று மூடியது. திறந்த சீட்டு யாருக்கு மிகச் சிறியதோ அவர் பிரிங்-இன் என்ற கட்டாயத் தொடக்கப் பெட்டைப் போட வேண்டும். எட்டுப் பேருக்கும் ஏழு சீட்டு என்றால் 56 வேண்டும், கட்டில் இருப்பதோ 52. எல்லோரும் கடைசிவரை நின்றுவிட்டால் ஏழாவது சீட்டை நடுவில் ஒன்றாக வைத்து எல்லோருக்கும் பொதுவாக்குவார்கள்.

படி 1: உட்கார்ந்ததும் பாட்டை (நடுவில் சேரும் பணத்தை) எண்ணுங்கள்

10-20 டாலர் லிமிட் ஆட்டம் (பெட் முதல் இரண்டு சுற்றில் 10, பிறகு 20), எட்டுப் பேர், பிரிங்-இன் 3 டாலர். ஆன்டி 1 டாலர் என்றால் தொடக்கப் பாட் 11. ஆன்டி 2 என்றால் 19.

நீங்கள் 10 டாலராக ஏற்றி எல்லோரையும் விரட்டப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட் 11 என்றால், நஷ்டம் வராமலிருக்க ஏறக்குறைய 48 சதவீதத் தடவை எல்லோரும் ஃபோல்ட் செய்ய வேண்டும். பாட் 19 என்றால் 34 சதவீதமே போதும். அதனால்தான் ஆன்டி ஏறினால் அடிக்கடி ஆன்டியைத் திருடு என்பார்கள். ஆனால் அந்தக் கணக்கு ஃபோல்ட் செய்யத் தெரிந்தவர்களுக்கானது. நாலு பேர் சும்மா கால் செய்யும் (ஏற்றாமல் பெட்டுக்கு ஈடாகப் போடும்) மேசையில் திருட்டு எடுபடாது. உங்களுக்குப் பின்னால் ஒருவரோ இருவரோதான் பாக்கி, அவர்களும் கவனமாக ஆடுபவர்கள் என்றால் மட்டும் முயலுங்கள்.

படி 2: எந்த மூன்று சீட்டோடு நுழைவது?

பத்துக்கு மேற்பட்ட ஜோடி இருந்தால் ரெய்ஸ் (பெட்டை ஏற்றுவது), முன்பே யாராவது ஏற்றியிருந்தால் மறுபடியும் ரெய்ஸ். ராணி ஜோடி இரண்டு பேருக்கு எதிராக அருமையான கை, ஐந்து பேருக்கு எதிராகத் தடுமாறும். ஏஸ் ஜோடி, ராஜா ஜோடியோடு யாரையும் விரட்ட முடியாவிட்டாலும் ஏற்றத்தான் வேண்டும்.

சின்ன ஜோடியின் மதிப்பு இங்கே சரிகிறது. பக்கத்தில் ஏஸ் இருந்து, ஜோடியின் மற்ற இரண்டு சீட்டும் மேசையில் தெரியாமலிருந்தால் ஒரு பெட்டுக்கு வரலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஒரே இனத்தில் மூன்று சீட்டு இருந்தால் நிலைமை நேர்மாறு. ஆட்கள் கூடக்கூட அதன் மதிப்பு ஏறும், ஒரு நிபந்தனையோடு.

படி 3: செத்த சீட்டைப் பாருங்கள்

நிபந்தனை இதுதான்: உங்களுக்கு வேண்டிய சீட்டு மற்றவர்களிடம் தெரிந்துவிட்டால் அது செத்த சீட்டு, இனி உங்களுக்கு வராது. கையில் மூன்று இஸ்பேட். மேசையில் மற்ற ஏழு திறந்த சீட்டுகளில் ஒரு இஸ்பேட்கூட இல்லை என்றால், ஏழாவது சீட்டுக்குள் ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமைய ஏறக்குறைய 24 சதவீத வாய்ப்பு. அந்த ஏழில் மூன்று இஸ்பேட் தெரிந்தால் அது 12 ஆகிவிடும். கை அதேதான், வாய்ப்பு மட்டும் பாதி. ஆன்டி எவ்வளவு பெரிதானாலும் இந்த இரண்டாவது கையை ஃபோல்ட் செய்யுங்கள்.

ஃபோல்ட் ஆன சீட்டு மறைந்துவிடும், நினைவில்தான் இருக்க வேண்டும். வீட்டில் எட்டுச் சீட்டைத் திறந்து வைத்து, ஒரு பார்வை பார்த்துக் கவிழ்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பழகுங்கள். சலிப்பான பயிற்சிதான், ஆனால் இதற்கு ஈடாக வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

படி 4: நான்காவது சீட்டு

வெளியே தெரிவதைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், நான்காவது இஸ்பேட் வந்ததும் ஃப்ளஷ் வாய்ப்பு 47 சதவீதம். உதவாத சீட்டு வந்தால் 11-க்கும் கீழ். சாதாரண ஆட்டத்தில் அங்கேயே எழுந்துவிடலாம். இங்கே கொஞ்சம் இடம் உண்டு: பாட்டில் 90 டாலருக்கு மேல் சேர்ந்து, உங்களிடம் 10 டாலர்தான் கேட்கிறார்கள், இஸ்பேட் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால் ஒரு சீட்டு பார்க்கலாம். பின்னாலிருந்து இன்னொரு ரெய்ஸ் வரும் என்று தோன்றினால் வேண்டாம்.

படி 5: ஐந்தாவது சீட்டில் இரட்டிப்பு

இனி பெட் 20 டாலர். ஜெயிக்கும் கையும் துரத்தும் கையும் பிரியும் இடம் இது. பெரிய பாட்டுக்கு 20 டாலர் போட்டுத் துரத்துவது அவர்களுக்குப் பல நேரம் சரியான கணக்குதான்; கோபப்பட்டுப் பயனில்லை. அந்தக் கணக்கை நீங்கள் கெடுக்க வேண்டும். உங்களுக்குச் சற்று முன்னால் இருப்பவர் பெட் செய்தால், பெரிய ஜோடியோடு கால் செய்யாமல் ரெய்ஸ் செய்யுங்கள். பின்னால் இருப்பவர்கள் 40 டாலர் கொடுத்து வர வேண்டும். 20-க்குத் தயங்காதவர்களில் சிலராவது 40-க்குத் தயங்குவார்கள்.

உங்களிடம் இருப்பது துரத்தும் கை என்றால் நேர்மாறு: கூட்டத்தைக் கலைக்காமல் மலிவாக வாருங்கள். ஐந்தாவதிலும் மூன்று இஸ்பேட்தானா? போதும், விடுங்கள்.

படி 6: கடைசிச் சீட்டு

பிளஃப் (கை இல்லாமல் பெட் போட்டு மிரட்டுவது) வேண்டாம். நான்கு சுற்றாக எதற்கும் போகாதவர் ஏழாவதில் மட்டும் எப்படிப் போவார்? மாறாக, பெரிய இரட்டை ஜோடி போன்ற நடுத்தரக் கைக்கும் துணிந்து பெட் செய்யுங்கள், பார்க்கும் ஆசையிலேயே கால் செய்வார்கள். பாட்டில் 200 டாலர் இருக்க ஒருவர் 20 கேட்டால், பதினோரு தடவையில் ஒரு தடவை ஜெயித்தாலே கணக்கு சரியாகிவிடும். அதனால் நல்ல ஜோடியை அந்த ஒரு பெட்டுக்கு விடாதீர்கள். இதுவரை வெறுமனே கால் செய்துகொண்டிருந்தவர், திறந்த நான்கு சீட்டில் மூன்று ஒரே இனமாகத் தெரிய, திடீரென்று ரெய்ஸ் செய்தால் மட்டும் வேறு கதை. அவரிடம் ஃப்ளஷ் இருக்கிறது, ஃபோல்ட் செய்யுங்கள்.