ஆந்தையின் விழித்திரையில் பூனையைத் தேடாதீர்கள்

போன மாதம் அக்கா மகள் தொடக்கக் கல்லூரிப் போஸ்டர் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். 'பாசிர் ரிஸ் ஆந்தை இரவில் எப்படிப் பார்க்கிறது' என்று தலைப்பு. நடுவில் அவளே எடுத்த புள்ளி வன ஆந்தையின் படம். சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் பூங்காவில் குழாய் மாதிரி லென்ஸோடு நிற்கும் பெரியவர்களின் முழங்கைக்கு அடியில் புகுந்து எடுத்தாளாம். படம் பிரமாதம். அதைச் சுற்றி விழித்திரையைப் பற்றி எழுதியிருந்த வரிகளில்தான் பாதிக்கு மேல் தப்பு.

திசுவைச் சீவிச் சாயம் ஏற்றி ஸ்லைடு செய்துகொடுப்பதே பல வருஷம் என் வேலை. அந்த வரிகளைப் படித்ததும் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. "மாமா, இணையத்துல எல்லாருமே இப்படித்தானே எழுதியிருக்காங்க?" என்றாள். உண்மைதான். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பூனை, எலி, மனிதன் என்று கைக்குக் கிடைத்த கண்ணையெல்லாம் ஆந்தையின் முகத்தில் ஒட்டிவிடுகிறார்கள்.

போஸ்டரின் முதல் வரி இது: 'ஆந்தையின் ஒளியுணர் செல்களில் ஏறக்குறைய 90 விழுக்காடு குச்சி செல்கள், அதனால்தான் அதற்கு இருட்டில் கண் தெரிகிறது.' (குச்சி செல் மங்கல் ஒளிக்கு, கூம்பு செல் பகலுக்கும் நிறத்துக்கும்.) எண்ணில் பெரிய பழுது இல்லை. நடுவில் இருக்கும் 'அதனால்தான்' என்ற சொல்தான் தப்பு. மனித விழித்திரையில் குச்சி செல்கள் சுமார் 92 மில்லியன், கூம்பு செல்கள் சுமார் 4.6 மில்லியன். கணக்குப் போட்டால் நமக்கு 95 விழுக்காடு வருகிறது. அந்த வாதப்படி பார்த்தால் ஆந்தையைவிட நாம்தான் இருட்டில் நன்றாகப் பார்க்க வேண்டும். ராத்திரி கழிவறைக்குப் போகும்போது நாற்காலியில் கால் இடித்துக்கொள்பவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

இரவில் இயங்கும் விலங்குகளின் விழித்திரையில் குச்சிகளும் பகல் பறவைகளில் கூம்புகளும் மிகுந்திருப்பதை ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் மாக்ஸ் ஷுல்ட்ஸ 1866லேயே எழுதினார். அவர் பார்த்த விலங்குகளில் ஆந்தையும் உண்டு. ஆனால் அவருடைய ஒப்பீடு ஆந்தைக்கும் கோழி, புறா போன்ற பகல் பறவைகளுக்கும் பொருந்துவது. அதை மனிதனுக்கும் ஆந்தைக்கும் இடையே இழுத்தால் உடைந்துவிடும். 1977ல் கிரஹாம் மார்ட்டின் ஐரோப்பாவின் டானி ஆந்தையைப் பழக்கி, அது கண்டுகொள்ளும் மிகக் குறைந்த ஒளியை அளந்தார். மனிதனைவிடச் சராசரியாக இரண்டரை மடங்குதான் கூர்மை. நூறு மடங்கு என்று எழுதுகிறவர்கள் எங்கிருந்து எடுக்கிறார்களோ! அந்த இரண்டரை மடங்குக்கும் காரணம் பெரும்பாலும் செல்லில் இல்லை, கண்ணின் வடிவத்தில் இருக்கிறது. படம் பிடிப்பவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: டானி ஆந்தையின் கண் எஃப் 1.3, நம்முடையது எஃப் 2.1. (இந்த எண் குறையக் குறைய உள்ளே விழும் வெளிச்சம் கூடும்.) விழித்திரையில் விழும் பிம்பமே அதற்கு இரண்டரை மடங்குக்கும் சற்று அதிகமான வெளிச்சத்தோடு விழுகிறது. ஆக, ஒரு தனிக் குச்சி செல்லை எடுத்துப் பார்த்தால் ஆந்தைக்கும் நமக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. அடுத்த வரியில் இருந்த 'கும்மிருட்டிலும் பார்க்கும்' என்பதையும் அடித்துவிட்டேன். ஒளியே இல்லாத இடத்தில் எந்தக் கண்ணுக்கும் வேலை இல்லை. அங்கே கூகை என்ற வெண்முக ஆந்தை காதை வைத்துத்தான் எலி பிடிக்கிறது.

'பூனைக்கு இருப்பதுபோல் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிப் படலம் உண்டு' என்றது இன்னொரு வரி. இல்லை. ஃப்ளாஷ் அடித்தால் ஆந்தையின் கண் செக்கச்செவேலென்று தெரிவது பின்னால் உள்ள இரத்தம் நிறைந்த படலத்தால். (ஃப்ளாஷ் அடிக்காதீர்கள் என்பது தனிக்கதை.) நம்மூரில் அப்படி ஒரு பிரதிபலிப்புப் படலம் உள்ள பறவை வேண்டுமென்றால் பக்கியைப் பாருங்கள். ராத்திரி அடுக்குமாடிக்குக் கீழே புல்வெளியில் கட்டையைத் தட்டுவதுபோல் 'டொக், டொக்' என்று கத்திக்கொண்டிருக்குமே, அதுதான்.

அடுத்தது வரைபடம். மனித விழித்திரையைப் பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே நகலெடுத்து 'ஆந்தை' என்று பெயர் போட்டிருந்தாள். அடுக்குகளின் வரிசை ஒன்றுதான் என்பதால் பாதி தப்பித்தாள். வெளிப்பக்கம் நிறமிப் படலம், அதை ஒட்டி ஒளியுணர் செல்கள், பிறகு அவற்றின் உட்கருக்கள் நிற்கும் வெளி உட்கரு அடுக்கு, நடுவில் இருமுனைச் செல்களும் கூட்டாளிகளும் இருக்கும் உள் உட்கரு அடுக்கு, கடைசியில் கண்ணின் உட்புறமாக, மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்புத்திரள் செல்கள். ஒளி வருவது இந்தக் கடைசிப் பக்கத்திலிருந்து. ஒளிக்கான அம்புக்குறியை நிறமிப் பக்கத்திலிருந்து போடாத மாணவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

வேறுபாடு பருமனில் தெரியும். ஹெமடாக்சிலின் என்ற சாயம் ஏற்றிய ஸ்லைடில் உட்கருக்கள் ஊதாப் பட்டைகளாக வரும். கோழியில் வெளிப்பட்டை ஒல்லி, இரண்டு மூன்று வரிசைதான், உள்பட்டை தடிமன். ஆந்தையில் வெளிப்பட்டை பல வரிசையாகக் கனத்துவிடும், ஏனென்றால் மெலிந்த குச்சிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஏராளமான குச்சிகள் சேர்ந்து ஒரு நரம்புத்திரள் செல்லுக்குச் செய்தி கொடுப்பதால் உள்ளே போகப் போக ஆள் குறைகிறது. மங்கல் ஒளியைப் பிடிக்க இது நல்ல ஏற்பாடு, நுணுக்கம் பார்க்க மோசமான ஏற்பாடு. ஆனால் சீவும்போது கண் கொஞ்சம் சாய்ந்திருந்தால் ஒல்லிப் பட்டையும் தடிமனாகத் தெரியும். வரிசைகளை எண்ணுவதற்கு முன்னால், குச்சிகள் முழு நீளத்துக்கும் நேராக வெட்டுப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வட்ட வட்டமாகத் தெரிந்தால் அந்த ஸ்லைடை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

நிறமிப் படலத்துக்கும் ஒளியுணர் செல்களுக்கும் இடையில் வெள்ளையாக ஓர் இடைவெளி தெரிந்தால் அதற்குப் பெயர் வைக்க வேண்டாம். பதப்படுத்தும்போது திசு சுருங்கிப் பிய்ந்த இடம் அது. இரத்தக் குழாய் ஒன்றுகூடத் தெரியவில்லையே, சாயம் சரியில்லையோ என்றும் பதற வேண்டாம். பறவை விழித்திரைக்குள் இரத்தக் குழாயே கிடையாது. பெக்டென் என்ற கறுத்த மடிப்பு கண்ணுக்குள் நீட்டிக்கொண்டு நின்று ஊட்டம் கொடுக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்த தப்பு எண்ணெய்த் துளி பற்றியது, ஏனென்றால் நானே செய்த தப்பு. பறவைகளின் கூம்பு செல்லில், ஒளி நுழையும் வழியில், குண்டூசி முனையைவிடப் பல மடங்கு சிறியதாக ஒரு துளி எண்ணெய் இருக்கும். வண்ணக் கண்ணாடி மாதிரி ஒளியை வடிகட்டும். மெழுகில் பதித்து வெட்டிய பறவை ஸ்லைடில் அதைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, 'துளி இல்லை' என்று ஒருமுறை குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். இருந்தால்தானே தெரிய! மெழுகு ஏற்றும் முன் ஆல்கஹாலிலும் சைலீன் என்ற கரைப்பானிலும் ஊறவைக்கிறோம். கொழுப்பு அதில் கரைந்து போய்விடும். பாத்திரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழம்பில் எண்ணெய் இல்லை என்று சொல்வதுபோலத்தான்.

துளியைப் பார்க்கப் பச்சைத் திசு வேண்டும். அக்கா மகளை மறுநாள் காலை தேக்கா ஈரச்சந்தைக்குக் கூட்டிப்போய்த் தலையோடு ஒரு கோழி வாங்கினேன். "தலை எதுக்குய்யா, சூப்புக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். வீட்டில் கண்ணைக் குறுக்கே வெட்டி, உள்ளிருக்கும் கூழை வழித்தபின், கறுப்புச் சீப்பு மாதிரி பெக்டென் நிமிர்ந்து நின்றது. அதைச் சுற்றி அறுத்து, உப்புக் கரைசலில் விழித்திரையை மெதுவாக உரித்து, ஒளியுணர் பக்கம் மேலே இருக்கும்படி விரித்து மூடுகண்ணாடி போட்டோம். சாயம் எதுவும் இல்லை. நாற்பது மடங்கு லென்ஸை இறக்கியதும் அவள் "ஐயோ" என்றாள். சிவப்பு, மஞ்சள், வெளிர் பச்சை, நிறமில்லாதது என்று தட்டில் கொட்டிய வண்ண ஜவ்வரிசி மாதிரி.

அதைப் பார்த்த கண்ணோடு ஆந்தையைப் பற்றி எழுதினால் தப்பு வராது. ஆந்தைக்கும் துளி உண்டு, ஆனால் சிவப்பு கிடையாது. வெளிறியோ நிறமற்றோ இருக்கும். வடிகட்டினால் ஒளி வீணாகும், இரவில் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. துளி வெளிறியதால் 'ஆந்தைக்கு நிறமே தெரியாது' என்று தாவுவதும் தவறு. 1978ல் டானி ஆந்தையின் கூம்புகளில் ஒளியைப் பிடிக்கும் மூன்று வகை நிறமிகளை அளந்திருக்கிறார்கள். புற ஊதாவுக்கான கூம்பு நிறமியை ஆந்தைகள் இழந்துவிட்டன. அதற்காக அந்த ஒளி அவற்றுக்கு எட்டாது என்றும் எழுதிவிடாதீர்கள். ஆந்தைக் கண்ணின் லென்ஸ் புற ஊதாவைக் கணிசமாக உள்ளே விடுகிறது, குச்சி செல்கள் அதைப் பிடித்துக்கொள்கின்றன என்று 2019ல் வந்த ஆய்வு சொல்கிறது.

'ஆந்தையின் குச்சி செல் உட்கரு தலைகீழாக அடுக்கப்பட்டு நுண்லென்ஸாக வேலை செய்கிறது' என்ற வரியும் இருந்தது. இது எலியிலிருந்து வந்தது. இரவில் திரியும் பாலூட்டிகளின் குச்சிகளில் அடர்ந்த டிஎன்ஏ வழக்கம்போல் ஓரத்தில் இல்லாமல் உட்கருவின் நடுவில் குவிந்திருப்பதை 2009ல் கண்டார்கள். ஆந்தைகளின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்ட 2020 ஆய்வு, டிஎன்ஏவைச் சுருட்டும் மரபணுக்களில் மாற்றம் கண்டு, இங்கேயும் அப்படி இருக்கலாமோ என்று ஊகித்தது. மரபணுவில் கிடைத்த தடயத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த காட்சிபோல் எழுதக் கூடாது.

நரம்புத்திரள் அடுக்கில் தெரியும் உட்கருக்களையெல்லாம் எண்ணி 'பார்வை நரம்பில் இத்தனை இழை' என்று போடுவதும் வேண்டாம். உள் உட்கரு அடுக்கில் இருக்க வேண்டிய அமக்ரைன் என்ற செல்கள் இடம் மாறி அங்கே நிறையக் குடியிருக்கின்றன. அவற்றிலிருந்து இழை எதுவும் மூளைக்குப் போவதில்லை.

கடைசியாக, எந்த ஆந்தை? கூகை தனிக் குடும்பம். அதன் விழித்திரையில் செல்கள் நெருங்கிய பகுதி உண்டே தவிர, பார்வை மிகக் கூர்மையாக இருக்கும் தெளிவான குழி இல்லை. பல ஆந்தைகளுக்கு ஒரு குழி உண்டு, அதுவும் நடுவில் இல்லாமல் நெற்றிப்பொட்டுப் பக்கம். பருந்து மாதிரி இரண்டு குழி வரைந்திருந்தாள், ஒன்றை அழித்தோம். பாசிர் ரிஸ் ஆந்தையும் டானி ஆந்தையும் ஒரே பேரினம். ஆகவே 'நெருங்கிய உறவான டானி ஆந்தையில்' என்று சொல்லி அந்த எண்களை எடுத்துக்கொள்ளலாம். அதையே தாவரப் பூங்காவின் குளக்கரையில் மீனுக்குக் காத்திருக்கும் பஃபி மீன் ஆந்தையின் பெயரில் போட்டால் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

"செத்துக் கிடக்கிற ஆந்தை கிடைச்சா நாமளே வெட்டிப் பார்க்கலாமா, மாமா?" என்றாள். கூடாது. இங்கே வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தகவல் சொல்வதோடு நம் வேலை முடிந்தது. சொல்லப்போனால் வெயிலில் கிடந்த பறவையின் ஒளியுணர் செல்கள் சில மணி நேரத்தில் குலைந்துவிடும், வெட்டினாலும் கூழ்தான் மிஞ்சும். முகம் தொங்கிப்போனது. பிறகு போஸ்டரை விரித்து, தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் 'விழித்திரைத் தரவுகள்: டானி ஆந்தை. எண்ணெய்த் துளிப் படம்: கோழி, தேக்கா' என்று எழுதினாள்.