மந்திரவாதி மட்டும் ஏன் ஜொலிக்கிறார்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அதை ஆடும் குழுக்களில் ஒரு மனக்குறை அடிக்கடி எழும்: மந்திரவாதியே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார், போர்வீரருக்கு வேலையே இல்லை. உடனே விதிப்புத்தகத்தைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் தவறு இந்த அவசரம்தான்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பைப் பாருங்கள். ஐந்தாம் நிலையை, அதாவது ஐந்தாவது வளர்ச்சிப் படியை, எட்டிய மந்திரவாதி எறியும் நெருப்புக்கோளத்துக்கு எட்டு ஆறுபக்கப் பகடைகள். சராசரி சேதம் 28. இருபதடி ஆரத்துக்குள் சிக்கிய எல்லோருக்கும் அது விழும். அதே நிலைப் போர்வீரர் பெருவாளை இரண்டு முறை வீசி, இரண்டும் பட்டால் சுமார் 22, அதுவும் ஒரே எதிரிக்கு. அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்த நெருப்பு கதையில் ஒரு நாளுக்கு இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறை. வாளுக்கு அப்படி வரம்பு இல்லை. நடுத்தரமான அல்லது கடினமான மோதல்கள் ஒரு நாளில் ஆறு முதல் எட்டு வரை வரும் என்ற கணக்கில்தான் அந்தப் பதிப்பின் நடத்துநர் கையேடு, அதாவது கதையை முன்னின்று நடத்துபவருக்கான புத்தகம், எழுதப்பட்டது. நம்மில் பலர் நடத்துவதோ நாளுக்கு ஒரே ஒரு பெரிய சண்டை. சேமிக்கத் தேவையில்லாத மந்திரவாதி கையிருப்பு முழுவதையும் அதிலேயே கொட்டிவிடுகிறார். ஒரு மணி நேர ஓய்வில் சக்தியை மீட்டுக்கொள்ளும் போர்வீரருக்கு அந்த ஓய்வே கிடைப்பதில்லை. விதியில் கை வைக்கும் முன் ஒரு நாளில் மூன்று, நான்கு மோதல்களையாவது வைத்துப் பாருங்கள்.

சேதத்தை மட்டும் எண்ணுவது இன்னொரு தவறு. பூட்டைத் திறக்கும் மந்திரம் ஒன்று உண்டு. அது திருடரின் பிழைப்பைப் பறிக்கிறது என்பார்கள். ஐந்தாம் பதிப்பில் அதைச் சொன்னால் முந்நூறு அடி தூரம் கேட்கும்படி ஓசை எழும். காவலர்கள் அந்த ஓசைக்கு ஓடிவராத ஆட்டத்தில்தான் திருடர் பயனற்றவராகிறார்.

அதற்காகச் சமநிலையே தேவையில்லை, நல்ல நடத்துநர் சமாளித்துக்கொள்வார் என்பதையும் நான் ஏற்கவில்லை. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் ட்ரூயிட் என்ற இயற்கை மந்திரக்காரர் விலங்காக மாறுவார், முழு அளவில் மந்திரமும் சொல்வார். கூடவே ஒரு விலங்குத் துணையும் வரும். பக்கத்தில் வாளோடு நிற்பவருக்கு என்ன மிச்சம்? அந்த ஓட்டையை அடைப்பதிலேயே நடத்துநரின் உழைப்பு போய்விடும். கதைக்கு நேரம் இருக்காது.

எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பதும் தீர்வாகாது. 2008இன் நான்காம் பதிப்பு மந்திரவாதி, போர்வீரர், திருடர் போன்ற எல்லா வகுப்புகளுக்கும் ஒரே வாய்பாட்டில் சக்திகளைப் பங்கிட்டது. கணக்கு சீரானது, யாரை ஆடினாலும் ஒன்றுபோல இருக்கிறது என்று பலர் விலகிப்போனார்கள். 1989இன் இரண்டாம் பதிப்பு வேறு வழியில் யோசித்தது. இரண்டாம் நிலையை எட்டத் திருடருக்கு 1,250 அனுபவப் புள்ளிகள் போதும், போர்வீரருக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. வலிமைக்கு விலை வைத்த அந்த ஏற்பாடு எனக்கு இன்றும் பிடிக்கும்.

ஆட்டம் முடிந்த இரவில், குறைவாகப் பேசிய ஆட்டக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: இன்று உங்கள் பாத்திரம் செய்ததில் எது நினைவில் நிற்கிறது? அவர் பதிலுக்குத் திணறினால், அடுத்த ஆட்டத்தின் முதல் காட்சியை அவருக்காக எழுதுங்கள்.