ஏப்ரல் 8 இரவில் முழுநிலா இல்லை: போர்க்கால நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்குக் கீழே ஒரு தோணி. அதில் அவளும் அவனும். மேலே முழுநிலா, தண்ணீருக்குள் மீன் பாடுகிறது. விடிந்தால் 1942 ஏப்ரல் 9. யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் பிரித்தானியரின் ஹேர்மிஸ் கப்பலை மூழ்கடிக்கப் போகின்றன. என் நாவலின் முதல் வரைவில் ஆசை ஆசையாய் எழுதிய காட்சி இது. எல்லாம் பொருந்தியது, நிலவைத் தவிர.

அந்த வருடம் ஈஸ்டர் ஞாயிறு ஏப்ரல் 5. கொழும்பில் குண்டு விழுந்ததும் அன்றுதான். ஈஸ்டர் பௌர்ணமிக்குப் பிறகு வரும் ஞாயிறு என்பதால் 8ஆம் திகதி தேய்பிறை. அரைநிலா எழவே நடுச்சாமம் ஆகும். வேறு வழியில்லாமல் காட்சியை இருட்டில் வைத்தேன். பாலத்தில் நடந்து வருவது யாரென்று இப்போது அவளுக்குத் தெரியவில்லை. நிலவு இருந்தபோது வராத பயம் அப்போதுதான் வந்தது.

மணிக்கணக்கை நம்பிக் கதை பின்னுகிறவர்களுக்கு இன்னொன்று: 1942 ஜனவரியில் இலங்கையின் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்தள்ளினார்கள், செப்டம்பரில் இன்னும் அரைமணி. இன்றைய நேரத்தை வைத்து விடியல் எழுதினால் பிழையாகிவிடும்.

ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. திருகோணமலைத் தாக்குதலுக்குத் தப்ப முந்திய இரவே வெளியேறி, திரும்பும் வழியில் அகப்பட்டது. ஆகவே அதன் தளத்திலிருந்து யாரையும் பறக்க விடாதீர்கள். கப்பல் தாழும் என்பதைக் கடைசிவரை மறைத்தும் வைக்காதீர்கள். அது நம்மூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்று காலை கடலுக்குப் போன தமையன் ஏன் கரைக்கு வரவில்லை என்பதுதான் தெரியாது, அதை இழுங்கள்.

கல்முனையையோ அக்கரைப்பற்றையோ 'அம்பாறை மாவட்டம்' என்று எழுதுவது அடிக்கடி காணும் தவறு. அந்த மாவட்டம் பிறந்தது 1961இல். பேச்சிலும் கவனம்: 'பிறகு' என்பதற்கு நம்மவர் வாயில் 'மறுகா' வரும், யாழ்ப்பாணத்துப் 'பேந்து' வராது.

காதலுக்கு வருவோம். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். சினிமாப் பழக்கத்தில் கலியாணம் முடிந்ததும் பெண்ணை அழ அழ மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மட்டக்களப்பில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். அப்புறம் குடி என்னும் குலப்பிரிவு. அது தாய்வழி வருவது, ஒரே குடியைச் சேர்ந்தவர்கள் சகோதர முறை, கட்டிக்கொள்ள முடியாது. சாதியையும் காசையும் மட்டுமே தடையாக வைத்து எழுதுகிறவர்கள், கையிலிருக்கும் நல்ல முடிச்சை அவிழ்க்காமலே போகிறார்கள். என் கதையில் அவன் தாய் சின்ன வயதிலேயே செத்துப்போனவள். அவள் என்ன குடி என்பது வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு கிழவிக்கு மட்டும் தெரியும். பதினான்காம் அத்தியாயம் வரை கிழவி வாயைத் திறக்கவில்லை.