கரன்ட் வைத்து முடித்தபின் தோலைக் கெடுக்கும் தவறுகள்

புற்றுநோய்க்காக மார்புக்கோ கழுத்துக்கோ கதிர்வீச்சு (மருத்துவமனை வராந்தாவில் எல்லோரும் சொல்வது ‘கரன்ட்’) முடிந்து வீடு திரும்பிய வாரத்தில் தோல் இன்னும் மோசமாகும். பலர் இதில் பதறிப்போய்க் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தடவுகிறார்கள். கதிர் தாக்குவது தோலின் அடியில் பிறக்கும் செல்களை. மேல்தோல் வழக்கம்போல் உதிர்ந்துகொண்டே இருக்க, அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து புதுச் செல் வராது. அதனால் கடைசி சிட்டிங்குக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் எரிச்சல் ஏறி, அப்புறம்தான் இறங்கும். நான்கு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலானோருக்குத் தோல் மூடிவிடும். நம் நிறத்தில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. கருமை, ஊதாச் சாயல், தொட்டால் சூடு, இறுக்கம் இவைதான் அடையாளம்.

தண்ணீரே படக்கூடாது என்று குளிக்காமல் இருப்பது அடுத்த தவறு. வியர்வையும் பழைய க்ரீமும் படிந்தால் கிருமிக்குத்தான் வசதி. வெதுவெதுப்பான நீரை ஊற்றி, வாசனையில்லாத மென்மையான சோப்பைக் கையாலேயே தடவிக் கழுவுங்கள். பீர்க்கை நார், கடலைமாவு, பயத்தமாவு வேண்டாம். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். கதிர் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து குழந்தையிடமிருந்து விலகவும் வேண்டாம். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது, தாராளமாகத் தூக்கலாம்.

மஞ்சள், வேப்பிலை விழுது, சந்தனம் எல்லாம் அன்போடு அரைத்துக் கொடுக்கப்படுபவை, மறுப்பது கடினம். ஆனால் காய்ந்தபின் அவற்றை எடுக்கத் தேய்க்க வேண்டும், தேய்த்தால் தோல் கூடவே வரும். தோட்டத்துக் கற்றாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால் அரிக்கும், பச்சைப் புண்ணில் கிருமியும் சேரும். தோல் பிளக்காத இடத்தில் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை நாளுக்கு இரண்டு மூன்று முறை மெல்லிசாகப் பூசினால் போதும். ஐஸ் கட்டி, வெந்நீர்ப் பை இரண்டும் கூடாது. அந்த இடத்தில் உணர்ச்சி மழுங்கியிருந்தால் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது.

அதிகம் கெடும் இடம் மடிப்புகள்: மார்பின் அடி, அக்குள், தொடையிடுக்கு. தோலோடு தோல் உரசி, வியர்த்து, ஒருநாள் காலையில் ஜாக்கெட் ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் கசிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இழுக்காதீர்கள், சலைன் (மருத்துவ உப்புநீர்) ஊற்றி ஊறவைத்தால் துணி தானே விடும். மருந்துக்கடையில் 500 மி.லி. சலைன் பாட்டில் கிடைக்கும். இல்லையென்றால் கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் முக்கால் டீஸ்பூன் உப்பு. காஸ் துணியை நனைத்துப் பத்து நிமிடம் வைத்து, காய்வதற்கு முன் எடுத்துவிடுங்கள். கசியும் இடத்தில் பவுடர் போட்டால் கட்டிகட்டியாகி உரசும். வெறும் பஞ்சு இழைஇழையாக ஒட்டும். சாதாரண பிளாஸ்திரியைப் பிரிக்கும்போது தோலும் கழன்று வரும். ஒட்டாத சிலிக்கான் டிரெசிங்தான் சரி. அதை வைத்து, தளர்வான பருத்திச் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம். கம்பி வைத்த பிராவும் இறுக்கிக் கட்டிய பாவாடை நாடாவும் சில வாரம் வேண்டாம்.

மருந்துக்கடைக்காரர் எடுத்துத் தரும் ‘மூன்றும் சேர்ந்த’ (பூஞ்சை, கிருமி, அரிப்பு மூன்றுக்கும் என்று சொல்லப்படும்) க்ரீமில் பெரும்பாலும் கடுமையான ஸ்டீராய்டு இருக்கும். திறந்த புண்ணில் அது ஆறுவதைத் தாமதமாக்கும். ஊதா மருந்து (ஜென்ஷியன் வயலெட்) தோலை உலர்த்தி வெடிக்க வைக்கும், புண்ணின் நிலையையும் மறைத்துவிடும். வெள்ளி கலந்த களிம்பு (சில்வர் சல்ஃபாடயசின்) பலருக்கு உதவும், ஆனால் அதில் உள்ள சல்ஃபா வகைக் கிருமிக்கொல்லி ஒவ்வாதவர்களுக்கு ஆபத்து; டாக்டர் எழுதினால் மட்டும்.

வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவதில் பெருமை எதுவும் இல்லை. டிரெசிங் மாற்ற அரை மணி நேரம் முன்பே பாராசிட்டமால் 500 மி.கி. போடலாம். ஒரு மாத்திரைக்கும் அடுத்ததற்கும் ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள். கல்லீரல் பிரச்சினை இருந்தாலோ கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) நடந்துகொண்டிருந்தாலோ முதலில் டாக்டரைக் கேளுங்கள், பாராசிட்டமால் காய்ச்சலை மறைத்துவிடும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்டவர்கள் டைக்ளோஃபெனாக், ஐபூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் பக்கம் தாமாகப் போக வேண்டாம், சிறுநீரகம் அடிவாங்கும்.

புண்ணில் வெளிர்மஞ்சள் படலம் தெரிந்தால் உடனே சீழ் என்று சுரண்டாதீர்கள், ஆறும் புண்ணிலும் அது படியும். நாற்றம், பச்சைநிறச் சீழ், பரவும் வீக்கம், 100.4 டிகிரி காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆறிய தோலும் வெயிலுக்குப் பழைய தோல் ஆகாது. குடை, துப்பட்டா, எஸ்பிஎஃப் 30க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் தொடரட்டும். மாதங்கள் கழித்து வேறு கீமோ தொடங்கினால், முன்பு எங்கே கதிர் வைத்தார்கள் என்று அந்த டாக்டரிடம் சொல்லுங்கள். டாக்ஸோரூபிசின், ஜெம்சிடபின் போன்ற சில மருந்துகளால் அதே இடம் மறுபடி வெந்து சிவக்கக்கூடும்.