சுகர், பிரஷர்காரர்கள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள, சுகாதாரப் பணியாளர்களான நாம் எப்படி உதவுவது?

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகிறவரிடம் "தினமும் வாக்கிங் போங்க" என்றால் சிரிப்பார், நாள் முழுக்க மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிறவர் அவர். அதனால் அறிவுரைக்கு முன் கேளுங்கள்: எத்தனை மணிக்கு வேலை, எப்போது சாப்பாடு, மாத்திரை டப்பா எங்கே இருக்கும்?

சாப்பாட்டில் எல்லாவற்றுக்கும் தடை போடாதீர்கள். சேலத்துக்காரரிடம் தட்டுவடை செட்டையும் மாம்பழத்தையும் ஒரே நாளில் விடச் சொன்னால், அடுத்த முறை உங்களிடம் பொய்தான் வரும். ஒரு மாற்றம் போதும், அதையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். ஜவ்வரிசிக் கஞ்சியை மட்டும் தனியாகச் சொல்லுங்கள். உடம்புக்கு லேசு என்று குடிப்பார்கள், ஆனால் அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து.

முக்கியமானது சர்க்கரை இறங்கிப்போவது. இன்சுலினோ சில சுகர் மாத்திரைகளோ எடுத்துக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் கை நடுங்கும், வேர்க்கும், படபடப்பு வரும். ரத்தச் சர்க்கரை அளவு 70க்குக் (mg/dL) கீழே போனால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சுகர் பார்க்கும் மீட்டர் இல்லையா, அறிகுறி வந்தாலே குடிக்கட்டும். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, உடனே 108தான். இதைச் சொல்லிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்காரம்மாகிட்ட இதை எப்படிச் சொல்வீங்க?" என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, சரி. அட்டை பிரிக்காமல் கிடக்கிறதா என்றும் பாருங்கள். கிடந்தால் திட்டாமல் காரணம் கேளுங்கள். "பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்" என்பார் பலர். நார்மல் ஆனதே மாத்திரையால்தான் என்பதை அவருடைய நோட்டில் இருக்கும் அளவுகளை வைத்தே காட்டுங்கள்.